இரும்பு ஊரில் இரும்புப் பஞ்சம்

ஸ்ரீபெரும்பூதூரிலிருந்து ஒரகடத்துக்குப் போகும் சாலையில் காலை ஏழு மணிக்குச் சிறிது நேரம் நின்று பார்க்கிறவர்களிடம், உலகத்தில் இரும்புக்கு முடை உண்டு என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும். புத்தம் புதிய மோட்டார்களை இரண்டு அடுக்காகச் சுமந்துகொண்டு ஊர்ந்து செல்லும் நீண்ட லாரிகள் ஒரு பக்கம்; எஃகுத் தகட்டுச் சுருள்களைச் சங்கிலியால் பிணைத்து ஏற்றிவரும் லாரிகள் மற்றொரு பக்கம். இவற்றுக்கு நடுவே வரிசை வரிசையாகக் கம்பெனி பஸ்கள். ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகும் பெண்களை நாம் அநேக வருஷங்களாகப் பார்த்து வருகிறோம். இரவு முறை வேலையின் களைப்பு என்று எண்ணி, மனத்துக்குள் ‘பாவம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்தை நோக்கி நடையைக் கட்டுவது நம் வழக்கம். அந்தத் தூக்கம் எல்லாமே களைப்பு அன்று என்பது சென்ற ஆடி மாதத்தில்தான் நமக்கு விளங்கிற்று.

நாம் முன்பு வடலூருக்கு அருகே உபாத்தியாயராக இருந்தபோது நம்மிடம் படித்த பெண் ஒருத்தி, இப்போது சுங்குவார்சத்திரத்துப் பக்கம் மின்னணுச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மைப் பார்க்க வந்தாள். நம் வீடு இரண்டாம் மாடியில் இருக்கிறது. இருபத்திரண்டு வயதுப் பெண், மாடி ஏறி வந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பேச்சு வர இரண்டு நிமிஷம் ஆயிற்று. பேசிக்கொண்டிருக்கும்போதே கைப்பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டு மென்றாள். என்னவென்று கேட்டோம்.

“பச்சரிசி, ஸார். எப்போதும் மெல்லவேண்டும் போல் இருக்கிறது. அறையில் எல்லோரும் கேலி செய்கிறார்கள்” என்றாள்.

அதைக் கேலி செய்வதற்கில்லை. உடம்பில் இரும்புச் சத்துக் குறைந்தவர்களில் பலருக்கு அரிசி, மண், பனிக்கட்டி முதலியவற்றைத் தின்னும் ஆசை உண்டாகும் என்பது வைத்தியர்கள் நன்கறிந்த சமாசாரம். மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஹீமோகுளோபின் 8.4 கிராம் என்று சீட்டு வந்தது. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு அது 12க்குக் குறைந்தாலே சோகை என்பது கணக்கு.

சீட்டைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அடுத்த வீட்டுக்காரர், “ஆட்டு ஈரல் வாரம் இரண்டு முறை சாப்பிடட்டும், ஒரே மாதத்தில் சரியாகிவிடும்” என்றார். பெண்ணின் குடும்பமோ வள்ளலாரைப் பின்பற்றும் சன்மார்க்கக் குடும்பம். புலால் அந்த வீட்டுக்குள் நுழைந்ததில்லை. அவள் அதற்கும் ஒரு படி மேலே போய், கன்றுக்கு உரியதை நாம் ஏன் பறிக்கவேண்டும் என்று இரண்டு வருஷமாகப் பால், தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டவள். இது அவளுடைய விரதம். அதை உடைக்கச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் மாமிசத்தில் உள்ள இரும்பு உடலில் எளிதாய்ச் சேருகிறது, தானியத்திலும் கீரையிலும் உள்ளது அவ்வளவு எளிதில் சேருவதில்லை என்ற உண்மையையும் அவளிடம் மறைக்கவில்லை. விரதம் இருப்பவர்களுக்குத்தான் கணக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அன்றியும், ஈரல் யோசனை சொல்லுகிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கவேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ் நாட்டில் 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குமேல் சோகை இருப்பதாகத் தெரியவந்தது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் புலால் உண்ணும் வீடுகளைச் சேர்ந்தவர்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு வைத்து, அதிலும் நல்ல துண்டுகளை ஆண்களுக்குப் பரிமாறிவிட்டு, மீந்த குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொள்ளும் பெண்ணுக்கும், நம் மாணவிக்கும் ரத்தத்தைப் பொறுத்த வரையில் அதிக வித்தியாசம் இல்லை.

2021ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் நடந்தது நேயர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். சுங்குவார்சத்திரத்துப் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஆப்பிள் கைப்பேசி செய்யும் பெண்கள், தாங்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவைச் சாப்பிட்டு நோயுற்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் 150 பேருக்குமேல். தோழிகள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள், போக்குவரத்து நின்றது, தொழிற்சாலை மூடப்பட்டு, ஜனவரியில்தான் திறந்தது. வாந்தி எடுக்க வைக்கும் சோறு ஒரே இரவில் ஆயிரம் பேரைச் சாலைக்கு இழுத்து வந்துவிடுகிறது. வயிற்றை நிரப்பிவிட்டு ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக வற்ற வைக்கும் சோற்றுக்காக எவரும் எந்தச் சாலையிலும் உட்காருவதில்லை. அந்தச் சோற்றைத்தான் நாம் இங்கே ஆராய விரும்புகிறோம்.

பெண்ணை ஒரு காகிதத்தில் அவளுடைய ஒரு நாள் ஆகாரத்தை எழுதச் சொன்னோம். காலையில் மெஸ்ஸில் நான்கு இட்டிலி. நடுப்பகலில் சோறு, தண்ணீரான சாம்பார், உருளைக்கிழங்கு. இரவில் மறுபடி சோறு அல்லது தோசை. ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு எழுந்தவுடன் பாலில்லாத தேநீர் ஒரு டம்ளர். வேலை நடுவே இன்னும் இரண்டு.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையம் வெளியிட்ட அட்டவணையை வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தோம். தீட்டிய அரிசி நூறு கிராமில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. இட்டிலியில் சேர்ந்த உளுந்தையும் சாம்பாரில் மிதந்த துவரம்பருப்பையும் தாராளமாய் மதிப்பிட்டாலும், நாள் முழுவதற்கும் எட்டு மில்லிகிராமைத் தாண்டவில்லை. மாதந்தோறும் ரத்தம் இழக்கும் பெண்களுக்கு நாளைக்குச் சராசரித் தேவை 15 மில்லிகிராம் என்றும், எல்லாப் பெண்களுக்கும் போதுமானதாக இருக்கவேண்டுமானால் 29 மில்லிகிராம் என்றும் 2020ஆம் வருஷத்தில் அதே நிலையத்தார் வரையறுத்திருக்கிறார்கள். ஆண்களுக்கு 19 போதும். ஒரே மெஸ்ஸில் ஒரே சோற்றைத் தின்று அண்ணன் திடமாக இருக்கத் தங்கை வெளுத்துப் போவதன் ரகசியம் இதுதான்.

எட்டு மில்லிகிராமாவது உடலில் சேர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. இங்கேதான் தேநீர் வருகிறது. தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, குடலில் இரும்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே விடாமல் தடுக்கிறது. ஆகாரத்தோடு ஒரு கோப்பைத் தேநீர் குடித்தால், தாவர உணவின் இரும்பில் சேரவேண்டியது பாதிக்குமேல் குறைந்துபோகிறது என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். காப்பியும் தடுக்கும், சற்றுக் குறைவாக. நம் மாணவி கருணையினால் பாலை விட்டாள். பால் போன இடத்தில் தேநீர் இன்னும் திடமாகப் புகுந்தது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் இந்தத் தடை பெருமளவு நீங்கிவிடுகிறது. காசு செலவில்லாத சிகிச்சை இதைவிட வேறு நமக்குத் தெரியாது.

தேநீர் கதவைச் சாத்துகிறது என்றால், கதவைத் திறப்பது புளிப்புப் பழங்களில் உள்ள ‘ஸி’ வைட்டமின். மேற்சொன்ன ஹைதராபாத் நிலையத்தார் 2013ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், இளம் பிராயத்தினருக்குச் சோற்றோடு கொய்யாப் பழத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் சோற்று ஆகாரத்தில் சேர்ந்ததைப்போல ஏறக்குறைய இரு மடங்கு இரும்பு உடலில் சேர்ந்தது. கொய்யா கிடைக்காத நாளில் நெல்லிக்காய் ஒன்று. அதுவும் இல்லாவிட்டால் எலுமிச்சம்பழம் அரை மூடி. எலுமிச்சம்பழத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழியவேண்டும். கொதிக்கவைத்தால் வைட்டமின் போய்விடும். பழத்தை மாலையில் தனியாகத் தின்பதில் இந்தப் பலன் இல்லை. சோற்றோடு சோறாக அதே வேளையில் உள்ளே போகவேண்டும்.

இனி எதைத் தின்பது? சோகை என்றதும் நம் ஜனங்கள் மாதுளம்பழமும் பீட்ரூட்டும் வாங்க ஓடுகிறார்கள். சிவப்பைக் கண்டு ரத்தம் என்று எண்ணும் மயக்கம் இது. மாதுளம்பழத்தில் இரும்பு மிகச் சொற்பம். ஒரு பழத்துக்குக் கொடுக்கும் ஐம்பது ரூபாய்க்கு அரைக் கிலோ கொள்ளு வாங்கலாம். கொள்ளில் நூறு கிராமுக்கு எட்டு மில்லிகிராமுக்குமேல் இரும்பு இருக்கிறது. கொண்டைக்கடலையில் ஆறரை, கம்பில் ஆறு, கேழ்வரகிலும் முருங்கைக் கீரையிலும் நாலரை. கறுப்பு எள்ளில் இவை எல்லாவற்றையும்விட அதிகம். ஆனால் எள்ளை ஆழாக்குக் கணக்கில் தின்னமுடியாதல்லவா? கீரையின் பெருமையை நாம் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஒரு கரண்டிக் கீரை மசியலில் மலை சாய்ந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்காகச் சொல்லுகிறோம்: பயறுகளும் சிறு தானியங்களும்தான் ஏழையின் இரும்புக் கிடங்கு.

இந்தக் கிடங்குக்கு ஒரு பூட்டு உண்டு. தானியத்திலும் பயற்றிலும் ‘பைட்டேட்’ என்று ஒரு பொருள் இருந்துகொண்டு, இரும்பைக் கட்டிப்போடுகிறது. ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் அந்தக் கட்டுத் தளர்கிறது. ரசாயனம் படிக்காத நம் பாட்டிமார்கள் கம்பு மாவையும் கேழ்வரகு மாவையும் முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சினார்கள். பச்சை வெங்காயமும் மாங்காய்த் துண்டும் கடித்துக்கொண்டார்கள். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் வாசலில் ஊற்றும் கூழைக் கையில் வாங்கும் கம்பெனிப் பெண்கள், அதை வருஷத்துக்கு ஒரு நாள் சாப்பிடும் பிரசாதமாக வைத்திருக்கிறார்கள். மோர் சேர்க்காமல், எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தால் நம் மாணவியின் விரதத்துக்கும் பங்கமில்லை.

நாம் எழுதிக் கொடுத்த கணக்கு இது: கம்பு நூறு கிராம், கேழ்வரகு ஐம்பது, ஊறவைத்த கொள்ளு ஐம்பது, கொண்டைக்கடலைச் சுண்டல் ஐம்பது, ஒரு கட்டு முருங்கைக் கீரை, எள்ளுப்பொடி ஒரு பெரிய கரண்டி, மீதிப் பசிக்கு வழக்கமான சோறு. கூட்டினால் 25 மில்லிகிராம் வருகிறது. நம் ஊர்ச் சந்தை விலைக்குப் பழத்தையும் சேர்த்து ஏறக்குறைய நாற்பது ரூபாய். காகிதத்தை வாங்கிப் பார்த்த நம் மனைவி, “கணக்கு வாத்தியார் சமையல் செய்தால் இப்படித்தான். நான்கு பெண்கள் தங்கும் அறையில் ஒரே ஒரு மின்சார அடுப்பு. அதில் இத்தனையும் யார் செய்வது?” என்று கேட்டாள். நம்மிடம் பதில் இல்லை. பிறகு அவளே பரண்மேல் ஏறி, துருவேறிக் கிடந்த இரும்பு வாணலி ஒன்றை எடுத்துத் தேய்த்துக் கழுவி எண்ணெய் தடவிப் பெண்ணிடம் கொடுத்தாள். “கொள்ளையும் கடலையையும் இரவில் ஒரே பாத்திரத்தில் ஊறப்போடு. காலையில் வேகவைத்து, தக்காளி போட்டு இதில் புரட்டு. மற்றதை மெஸ்ஸில் பார்த்துக்கொள். ஆனால் சமைத்ததை இதிலேயே வைத்திருக்காதே, கறுத்துப்போகும்” என்றாள்.

வாணலி விஷயத்தில் அவள் சொன்னது சாஸ்திரத்துக்கும் ஒத்திருக்கிறது. எதியோப்பியா தேசத்தில் குழந்தைகளுக்கு இரும்புப் பாத்திரத்தில் சமைத்துக் கொடுத்ததில், அலுமினியப் பாத்திரத்தில் சமைத்து உண்ட குழந்தைகளைவிட அவர்களுடைய ரத்தம் அதிகம் விருத்தியடைந்தது என்று 1999ஆம் வருஷத்து ‘லான்ஸெட்’ பத்திரிகையில் வந்திருக்கிறது. புளிப்பு உள்ள பதார்த்தமானால் இரும்பு அதிகமாய் இறங்கும். புளிக்குழம்பும் வற்றல் குழம்பும் வைக்கிற நாம், இரும்புச் சட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு அலுமினியத்தையும் ஒட்டாத பூச்சுப் பாத்திரத்தையும் வாங்கினோம்.

ஆயினும் ரத்தம் இரும்பினால் மாத்திரம் ஆவதில்லை. லூஸி வில்ஸ் என்ற ஆங்கில வைத்திய அம்மையார் 1928ஆம் வருஷத்தில் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பவதிகளுக்கு ஏற்பட்ட கடுமையான சோகையை ஆராய்ந்தார். குன்னூரில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் இப்போது கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி இருக்கிறதே, அங்கும் வேலை செய்தார். அந்தப் பெண்களின் நோய்க்குக் காரணம் கிருமி அன்று, ஏழை ஆகாரமே என்று கண்டார். ‘மார்மைட்’ என்ற மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் குணமாயிற்று. அதில் இருந்த பொருள் இன்னதென்று அப்போது தெரியவில்லை. பின்னால் கீரையிலிருந்தே அதைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் ‘போலிக் அமிலம்’ என்று பெயரிட்டார்கள். நூறு வருஷத்துக்கு முந்தின பஞ்சாலைப் பெண்ணும் இன்றைய கைப்பேசித் தொழிற்சாலைப் பெண்ணும் ஒரே வரிசையில் நிற்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

பாலையும் விட்டவர்களுக்கு இன்னும் ஓர் எச்சரிக்கை உண்டு. ‘பி-12’ என்ற வைட்டமின் எந்தக் கீரையிலும் எந்தத் தானியத்திலும் நம்பத்தக்க அளவில் கிடையாது. அது குறைந்தாலும் சோகை வரும், கை கால் மரத்துப்போகும், நரம்புகள் கெடும். இதை எள்ளாலும் கொள்ளாலும் ஈடு செய்யமுடியாது, மாத்திரைதான் வழி. இதைச் சொன்னபோது பெண்ணின் முகம் சற்று வாடிற்று. தன் விரதம் தோற்றுவிட்டதாக நினைத்தாள் போலும். “அம்மா, அது நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருள், தொழிற்சாலையிலும் நுண்ணுயிர்களைக் கொண்டுதான் செய்கிறார்கள். எந்த மாட்டின் மடியையும் தொடவேண்டியதில்லை. உறைக்குள் அடைத்தது வேண்டாமென்றால் வெறும் வில்லையாகக் கேட்டு வாங்கிக்கொள்” என்று தேற்றினோம்.

உணவைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு இதையும் எழுதாவிட்டால் நாம் குற்றவாளி ஆவோம். 8.4 கிராமில் நிற்கிற ரத்தத்தைக் கொள்ளைக் கொண்டு மட்டும் நிரப்ப முயல்வது, வற்றிய செம்பரம்பாக்கம் ஏரியைக் குடத்தால் நிரப்புவதற்குச் சமானம். முதலில் டாக்டரிடம் போய், மாத விலக்கில் அதிக ரத்தம் போகிறதா, வயிற்றில் புழு உண்டா என்று பார்க்கவேண்டும். இரும்பு மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை விழுங்கினால் மலம் கறுக்கும். சிலருக்குக் குமட்டும், மலச்சிக்கல் வரும். இதற்குப் பயந்து நான்காம் நாளே மாத்திரையை ஜன்னல் வழியாக எறிகிறவர்கள் அநேகர். கறுப்பது அபாயமில்லை, குமட்டினால் டாக்டரிடம் சொல்லி அளவையோ நேரத்தையோ மாற்றிக்கொள்ளலாம். நிறுத்தக்கூடாது. மாத்திரையையும் தேநீரோடு விழுங்கக்கூடாது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

பெண் மெஸ்ஸுக்குத் திரும்பிப்போய், அதை நடத்தும் அம்மாளிடம் தூது பேசினாள். அந்தச் சம்பாஷணையைப் பிறகு நம்மிடம் நடித்துக் காட்டினாள்.

“அக்கா, சாப்பாட்டோடு டீ வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.”

“ஒரு மணி நேரம் கழித்து நீ எங்கே இருப்பாய்? பஸ் வந்துவிடுமே!”

“சரி, அப்படியானால் எழுந்தவுடன் முதலில் டீயைக் கொடுங்கள். குளித்துவிட்டு வந்து இட்டிலி சாப்பிடுகிறோம். வாரத்தில் மூன்று நாள் கொள்ளு ரசமும் கொள்ளுத் துவையலும் செய்யுங்கள்.”

“இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். நீங்கள் எல்லோரும் குச்சி குச்சியாக இருக்கிறீர்கள். உங்களுக்குப் போய்க் கொள்ளா? குதிரைத் தீனி போடுகிறாள் என்று மற்றப் பெண்கள் என்னைத்தான் ஏசுவார்கள்.”

“அப்படியானால் எள்ளுப்பொடியும் சேர்த்துப் போடுங்கள், அக்கா.”

அந்த அம்மாள் சிரித்துவிட்டாளாம். தேநீர் நேரம் மாறிற்று. கொள்ளு ரசம் செவ்வாய், வியாழன் என்று இரண்டு நாள் ஆயிற்று. எலுமிச்சம்பழ விலை ஏறிய வாரங்களில் நெல்லிக்காய்த் துவையல். மெஸ்காரிக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை என்றே தெரிகிறது. 2024ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் வல்லம் வடகாலில் தமிழ் நாட்டு அரசாங்கம் 18,720 பெண்கள் தங்குவதற்கான விடுதியைத் திறந்தது. அவ்வளவு பெரிய விடுதிகளின் சமையற்கட்டில் தேநீர் டிரம்மை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டு, சோற்றுத் தட்டில் ஒரு கொய்யாத் துண்டை வைத்தால் எப்படியிருக்கும் என்று நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

கார்த்திகை மாதத்தில் பெண் மறுபடியும் வந்தாள். மாடியில் அவள் ஏறி வந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. கதவைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது. புதிய சீட்டில் 11.3 என்று போட்டிருந்தது. இன்னும் மூன்று மாதம் மாத்திரையை நிறுத்தாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். கைப்பையில் பச்சரிசி இல்லை. நம் வீட்டுக்காக எள்ளுருண்டை வைத்திருந்தாள்.

“மெஸ்ஸில் மொத்தம் எத்தனை பேர்?” என்று கேட்டோம்.

“நாற்பது பேர், ஸார்.”

“எத்தனை பேர் ரத்தம் பரிசோதித்துக்கொண்டார்கள்?”

“என் சீட்டைப் பார்த்துவிட்டு ஏழு பேர் போனார்கள். ஏழு பேருக்கும் பதினொன்றுக்குக் கீழே. எல்லோரும் மீனும் கோழியும் சாப்பிடுகிறவர்கள்தான்.”

“மற்ற முப்பத்திரண்டு பேர்?”

“அடுத்த விடுமுறை நாளுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், ஸார். அன்றைக்குத் தூங்காமல் இருந்தால்.”